எப்போதும் பள்ளத்துப் பக்கம்

மேட்டுப்பாளையத்தில் முதல் தடவை ஊட்டி ரயில் ஏறுகிற பிள்ளைகள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "இன்ஜின் எங்கே?"

முன்னால் ஓடிப் போய்ப் பார்ப்பார்கள். அங்கே கண்ணாடி வைத்த ஒரு பெட்டி நிற்கும். அதன் முகப்பில் சின்னதாக ஒரு மேடை, அதில் கையில் கொடியோடு ஒருவர். அவ்வளவுதான். இன்ஜின், ரயிலின் கடைசியில் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு நின்றிருக்கும். இந்த வண்டியை அது இழுப்பதில்லை. பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது.

காரணம் எளிமையானது. கல்லாறு தாண்டியதும் பாதை 12 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற கணக்கில் ஏறுகிறது. இன்ஜின் முன்னால் இருந்து, நடுவில் கொக்கி அறுந்துவிட்டால் பெட்டிகள் அத்தனையும் பள்ளத்தை நோக்கி ஓடிவிடும். இன்ஜின் பின்னால் இருந்தால் அந்தப் பயம் இல்லை. இறங்கும்போது இதே இன்ஜின் முன்னால் வரும். ஏறினாலும் இறங்கினாலும் அது நிற்பது எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான்.

"பீரோவை மாடிக்குத் தூக்கும்போது பலசாலியை எந்தப் படியில நிறுத்துவோம்? கீழ்ப்படியிலதானே!" என்பார் என் அப்பா. அவர் குன்னூர் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர். இன்ஜினைப் பற்றி எதைக் கேட்டாலும் வீட்டுச் சாமான்களை வைத்துத்தான் பதில் சொல்வார். பாய்லர் என்றால் இட்லிப் பானை. சேஃப்டி வால்வ் என்றால் குக்கர் வெயிட்.

எழுபதுகளில் எங்களுக்குக் குன்னூரில் வீடு. விடிவதற்கு முன்பே ஷெட்டில் வேலை ஆரம்பித்துவிடும். கரி இன்ஜின், சாவி போட்டால் கிளம்புகிற காரைப் போல அல்ல. நெருப்பு மூட்டி, தண்ணீர் சூடாகி, நீராவி போதுமான அழுத்தத்துக்கு வருவதற்குப் பல மணி நேரம் ஆகும். காலையில் போகவேண்டிய இன்ஜினுக்கு ராத்திரியே நெருப்பு வைக்கவேண்டும். நான் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போது முதல் விசில் கேட்கும். குன்னூர்க் குளிரில் அந்தச் சத்தம் மலைக்கு மலை மோதித் திரும்பி வரும். அம்மா அதை வைத்துத்தான் அடுப்பு பற்றவைப்பாள். எங்கள் வீட்டில் சுவர்க் கடிகாரம் வாங்கியது ரொம்பப் பிற்பாடுதான்.

லீவு நாட்களில் அப்பாவுக்கு டிபன் கேரியர் கொண்டுபோவது என் வேலை. ஷெட்டின் வாசலிலேயே நிற்கவேண்டும், உள்ளே கால் வைக்கக்கூடாது என்பது சட்டம். அங்கிருந்து பார்த்தாலே போதும். நிலக்கரிப் புகை, சூடான எண்ணெய், ஈர இரும்பு எல்லாம் கலந்த ஒரு வாசம் முகத்தில் அடிக்கும். அப்பா சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிக்கொண்டே காதைச் சாய்த்துக் கேட்பார். மண்பானை வாங்கும்போது பெண்கள் தட்டிப் பார்ப்பார்களே, அதே மாதிரி. விரிசல் விழுந்திருந்தால் சத்தம் மந்தமாக வருமாம். பிறகு காட்டன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேரியரைத் திறப்பார். எவ்வளவு துடைத்தாலும் முதல் கவளம் சாதத்தில் கறுப்பு ரேகை இருக்கும்.

அம்மாவுக்கு அந்த இன்ஜின் மேல் தீராத கோபம். துணி காயப்போட்டால் கரித்தூள் வந்து ஒட்டும். ஜன்னலைத் திறந்துவைத்தால் தலையணை மேல் கரித்தூள். "உங்கப்பாவுக்கு ரெண்டு பொண்டாட்டி, மூத்தவ ஷெட்ல இருக்கா" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

இப்படி ஒரு ரயிலை மலைமேல் ஏற்றுவதற்கு அந்தக் காலத்தில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதல் யோசனை வந்தது 1854-ல். 1882-ல் ஸ்விட்சர்லாந்தில் ரிகி மலை ரயிலைப் போட்ட ரிக்கன்பாக் என்ற பொறியாளரே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். 1891-ல் வேலை தொடங்கியது. ஆரம்பித்த கம்பெனி நொடித்துப்போய், வேறு கம்பெனி கைக்கு மாறி, ஒருவழியாக 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை வண்டி ஓடியது. ஊட்டிக்கு ரயில் போனது 1908-ல்தான். மொத்தம் 46 கிலோமீட்டர். அதற்குள் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டரில் கிளம்பி 2,203 மீட்டரில் போய் நிற்கிறது.

இந்தப் பாதையின் ரகசியம் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் இருக்கிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை, சுமார் 20 கிலோமீட்டருக்கு, நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டு ஒட்டி ஓடும். ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். ரோமன் ஆப்ட் என்ற ஸ்விஸ்காரர் கண்டுபிடித்த முறை இது. இன்ஜினின் வயிற்றுக்குக் கீழே உள்ள பல்சக்கரங்கள் இந்தப் பட்டையைக் கவ்விக்கொண்டு ஏறும். இரண்டு வரிசைப் பற்கள் மாறி மாறி இருப்பதால், எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லாவது பிடித்துக்கொண்டிருக்கும். தென்னைமரம் ஏறுகிறவர் இரண்டு கையையும் ஒரே நேரத்தில் விடமாட்டார் அல்லவா? அதே கதைதான்.

அந்த வேலைக்கென்றே பிறந்தவை 'எக்ஸ்' வகை இன்ஜின்கள். ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் செய்தவை. 1914-க்குப் பிறகு வந்து சேர ஆரம்பித்தன. கடைசித் தொகுதி 1952-ல் வந்தது. சாதாரண நீராவி இன்ஜினுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிலிண்டர் இருக்கும். இதற்கு நான்கு. கீழே இருக்கும் ஜோடி, தண்டவாளத்தில் உருளும் சக்கரங்களை ஓட்டும். மேலே இருக்கும் ஜோடி, பல்சக்கரத்தைச் சுழற்றும். சமதரையில் கீழ் ஜோடிக்கு மட்டும்தான் வேலை. ஏற்றம் வந்ததும், கீழே ஒருமுறை உழைத்து முடித்த நீராவியை வெளியே விடாமல் மேல் ஜோடிக்கு அனுப்பிவிடுவார்கள். "ஒரு டிகாக்ஷன்ல ரெண்டு காபி" என்பது அப்பாவின் விளக்கம்.

கல்லாறில் பிளாட்பாரத்தில் இறங்கி நின்று, வண்டி ஏற்றத்தைத் தொடும் அந்த நிமிடத்தைப் பார்க்கவேண்டும். கீழே உள்ள தண்டுகள் நிதானமாகத் திரும்பும். மேலே உள்ளவை அவசர அவசரமாக அடித்துக்கொள்ளும். ஒரே இன்ஜினில் இரண்டு தாளம். மூச்சும் மாறிவிடும். அதுவரை சீராக வந்துகொண்டிருந்த சத்தம், மூட்டை சுமந்து படியேறுகிறவர் விடுகிற மூச்சாகிவிடும். பல் பட்டையின் மேல் மணிக்கு 13 கிலோமீட்டர் வேகம்தான் உச்ச அளவு. வழியில் காட்டுப்பூவைப் பறித்துக்கொண்டே கூட நடந்து வரலாம் என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். இந்தியாவின் மிகச் செங்குத்தான ரயில் பாதையில் ஏறுகிற வண்டி இது.

எனக்குப் பதினொரு வயதானபோது அப்பாவுக்குத் திருச்சி பொன்மலைக்கு மாற்றல் வந்தது. 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து இடம் மாறி வந்த பெரிய ரயில்வே பணிமனை அது. குளிரிலிருந்து நேரே அடுப்புக்குள் வந்தது போல இருந்தது எங்களுக்கு. அம்மா ஒரு வாரம் அழுதாள், அதுவும் எதற்காக? "விசில் சத்தமே இல்லாம விடியுது" என்று! பொன்மலையில் விசிலுக்குப் பதில் சங்கு ஊதும். அதற்குப் பழகிக்கொண்டோம். அப்பா மட்டும் சந்தோஷமாக இருந்தார். குன்னூர் இன்ஜின்கள் பெரிய ரிப்பேருக்கு இங்கேதான் வரும் என்பதால், மாமியார் வீட்டுக்குப் போன மகள் பிரசவத்துக்கு வருவதைப் போல அவற்றை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்.

"இந்த இன்ஜினுக்கு ஸ்பேர் எந்தக் கடையிலயும் கிடைக்காது. தேய்ஞ்சா நாமதான் செஞ்சுக்கணும்" என்று அடிக்கடி சொல்வார். சொல்லும்போது அதில் சலிப்பு இருக்காது. கொஞ்சம் கர்வம்தான் இருக்கும்.

அவர் ரிட்டயராகும் சமயத்தில் நாட்டில் நீராவியின் காலம் முடிந்துகொண்டிருந்தது. சித்தரஞ்சனில் 1970-லேயே கடைசி அகலப்பாதை நீராவி இன்ஜினைச் செய்து, 'அந்திம் சிதாரா' (கடைசி நட்சத்திரம்) என்று பெயரும் வைத்து அனுப்பிவிட்டார்கள். 1995-ல் அகலப்பாதையில் தினசரி ஓட்டமும் நின்றது. ஊர் ஊராக இன்ஜின்களைப் பழைய இரும்புக்கு உடைத்தார்கள். தப்பித்த சிலவற்றுக்குப் பெயின்ட் அடித்து ஸ்டேஷன் வாசலில் மேடை கட்டி ஏற்றினார்கள்.

அந்த மேடை இன்ஜின்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏனோ பாடம் செய்த புலி ஞாபகம்தான் வரும். சென்னையில் ஐ.சி.எஃப். பக்கத்திலிருக்கும் ரயில் மியூசியத்துக்கு மகனை அழைத்துப் போயிருக்கிறேன். நல்ல இடம், குழந்தைகள் ஏறி இறங்கி விளையாடுகிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தொட்டுப் பார்த்தால் இரும்பு ஜில்லென்று இருக்கிறது. நீராவி இன்ஜின் ஜில்லென்று இருக்கலாமா?

ஓடுகிற இன்ஜினின் கதையே வேறு. 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த இ.ஐ.ஆர். 21 என்ற இன்ஜினுக்குப் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் 2010-ல் மறுபடி உயிர் கொடுத்தார்கள். கின்னஸில் இடம்பிடித்த 'ஃபேரி குயின்' இருக்கிறதே, அதன் உடன்பிறப்பு. அது எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை ஓடிய ஒரு நாளில் நானும் கூட்டத்தோடு நின்றேன். பக்கத்துத் தண்டவாளத்தில் மின்சார ரயில் வழக்கம்போல விர்ரென்று போனது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இது விசில் அடித்ததும் பிளாட்பாரமே போனைத் தூக்கிப் பிடித்தது. என் பக்கத்தில் நின்ற பெரியவர் மட்டும் போனை எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். ஏன் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

டார்ஜிலிங்குக்கும் ஒருமுறை போயிருக்கிறேன். அங்கே பல் பட்டையெல்லாம் கிடையாது. பாதை தன்னையே சுற்றி வளைந்தும், முன்னும் பின்னுமாக இசட் எழுத்துப்போல ஓடியும் மலை ஏறுகிறது. தண்டவாளத்தின் அகலம் இரண்டே அடி. ஈரத்தில் சக்கரம் வழுக்காமல் இருக்க, இன்ஜினின் மூக்கில் ஆட்கள் உட்கார்ந்து கையால் மணல் தூவுவது அங்கே பரம்பரை வழக்கம். கடைத்தெருவின் நடுவே, மளிகைக் கடைப் படியை உரசிக்கொண்டு அது போவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன். ஆனாலும் நம்ம வண்டியின் அந்த இரண்டு தாளம் அதற்கு இல்லை. குன்னூர்க்காரி அப்படித்தான் சொல்வாள் என்கிறீர்களா? ஒப்புக்கொள்கிறேன்.

நீலகிரி ரயிலுக்கு 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை கிடைத்தது. அந்தச் செய்தியை அப்பா பேப்பரில் படித்தார். "சின்னம்னு சொல்லிட்டாங்க. இனிமே ஓட விடுவாங்களா, கண்ணாடிப் பெட்டியில வெச்சிடுவாங்களா?" என்றார். அந்தக் கேள்வி அவர் மனதில் பெரிதாக இருந்தது. ஸ்விஸ் இன்ஜின்களுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. பாய்லர் எத்தனை முறைதான் ஒட்டுப் போடுவது? வேலை தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ரிட்டயர் ஆகிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடம் அப்பா காலமானார்.

அவருடைய கேள்விக்கு அவர் வேலை பார்த்த பொன்மலையே பதில் சொன்னது. முதலில் பழைய இன்ஜின்கள் சிலவற்றைக் கரிக்குப் பதில் எண்ணெயில் எரியும்படி மாற்றினார்கள். பிறகு, 2011-ல், அதே எக்ஸ் வகையில் ஒரு புத்தம்புதிய நீராவி இன்ஜினைச் செய்து குன்னூருக்கு அனுப்பினார்கள். அடுத்த சில வருடங்களில் இன்னும் மூன்று. உலகமெல்லாம் நீராவி இன்ஜினை மியூசியத்துக்கு அனுப்பிவிட்ட காலத்தில், திருச்சியில் பாய்லர் வளைத்து, பல்சக்கரம் அறுத்து, சிலிண்டர் வார்த்துக்கொண்டிருந்தார்கள்! 2021-ல் ஒரு படி மேலே போய், கரியில் ஓடும் புது இன்ஜினையும் செய்தார்கள்.

'புதுசு என்றால் அது பாரம்பரியம் ஆகுமா?' என்று சிலர் மூக்கைச் சுளிக்கிறார்கள். என் எண்ணம் வேறு. நம் ஊர்த் தேரில் அச்சு மாற்றுகிறோம், சக்கரம் மாற்றுகிறோம், வடம் வருடத்துக்கு வருடம் மாறுகிறது. அதனால் அது வேறு தேர் ஆகிவிடுமா? விண்டர்தூரில் செய்த இரும்பு ஒருநாள் தேயத்தான் செய்யும். அதே மாதிரி ஒன்றைச் செய்யத் தெரிந்த கை ஒரு ஊரில் இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இரண்டு வருடம் முன்பு பிப்ரவரியில் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அவளுக்கு எழுபத்தெட்டு. இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது. "ஒருதடவை குன்னூர் வரைக்கும் போயிட்டு வந்துடலாம்டி" என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஐப்பசி, கார்த்திகையில் போகவே கூடாது. வடகிழக்குப் பருவமழையில் பாதை மேல் மண் சரிந்து, பாறை உருண்டு, வண்டியை நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் நிறுத்திவிடுவார்கள். டிக்கெட்டும் லேசில் கிடைப்பதில்லை. நான் புக்கிங் திறந்த அன்றே போட்டுவிட்டேன்.

சென்னையிலிருந்து ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸில் கிளம்பினால் விடிகாலையில் மேட்டுப்பாளையம். எதிர்ப் பக்கத்தில் மலை ரயில் தயாராக நின்றிருந்தது. முன்பெட்டியில் உட்கார்ந்தால் பாதை விரிவது கண்ணாடி வழியே தெரியும், படம் எடுக்க வசதி. நான் வேண்டுமென்றே கடைசிப் பெட்டியில் எடுத்திருந்தேன். இன்ஜினுக்குப் பக்கத்துப் பெட்டி. அம்மாவுக்குப் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் இப்போது சுலபம்.

ஏறுவதற்கு முன் இன்ஜின் பக்கம் கூட்டிப்போனேன். அவள் மூக்கை உறிஞ்சினாள். "கரி வாசமே இல்லையேடி?"

கீழே நின்ற ஊழியர் சிரித்தார். "இது ஆயில்ல ஓடுறதுங்கம்மா. கரின்னா பொறி பறந்து காடு பத்திக்கும்ல, இதுல அந்தத் தொந்தரவு இல்லீங்க."

"துணியில ஒட்டாதுன்னு சொல்லுங்க" என்றாள் அம்மா. நாற்பது வருடக் கோபம்! பிறகு, "இது எந்த இன்ஜின்? வெள்ளைக்காரன் காலத்துதா?" என்று கேட்டாள்.

"இல்லீங்கம்மா. பொன்மலையில செஞ்சதுங்க."

அம்மா ஒன்றும் பேசவில்லை. கையை நீட்டினாள். அவர், "சூடா இருக்குமுங்க, இங்க தொடுங்க" என்று தாமே அவள் விரலைப் பிடித்துக் கைப்பிடிக் கம்பி மேல் வைத்தார். அது வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வெதுவெதுப்பில் அவள் கை கொஞ்ச நேரம் இருந்தது.

வண்டி கிளம்பி பவானியைத் தாண்டியது. கல்லாறு வரை பாக்குத் தோப்பும் வாழையுமாக ஊர் வழியே போகிற சாதாரண ரயில்தான். கல்லாறில் சத்தம் மாறியது. இரும்புப் பல், பல்லைக் கவ்வும் அந்த 'கடக்' வந்ததும் அம்மா என் கையைப் பிடித்தாள். "வந்துடுச்சு" என்றாள். அதற்குப் பிறகு குன்னூர் வரை அவள் விவரித்துக்கொண்டே வந்தாள், நான் பார்த்துக்கொண்டே வந்தேன். குகை வருவதற்குள் 'இப்போ இருட்டும்' என்பாள். இருட்டும். பெட்டியில் இருந்த பிள்ளைகள் எல்லாம் 'ஓ'வென்று கத்தும். அவளும் கத்தினாள்.

ஹில்குரோவில் வண்டி நின்று இன்ஜினுக்குத் தண்ணீர் பிடித்தார்கள். நமக்கு டீயும் வடையும். கையில் வடையோடு அசந்து நிற்காதீர்கள். அங்கே குரங்குகள்தான் ஸ்டேஷன் மாஸ்டர்கள். என் மகன் ஒரு வடையைப் பறிகொடுத்தான். அம்மா, "முப்பது வருஷம் முன்னாடி உங்க அம்மா ரிப்பன் பறிகொடுத்தா" என்று அவனைத் தேற்றினாள். ரிப்பன் போனது உண்மை. முப்பது வருடம் என்பது அவள் எனக்குக் காட்டிய கருணை.

இந்த ரயிலில் நீங்கள் கவனிக்கவேண்டிய இன்னொரு ஆள் பிரேக்ஸ்மேன். ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் ஒருவர் நிற்பார். டிரைவர் பின்னால் இருப்பதால் முன்னே பாதையில் யானை நின்றாலும், பாறை கிடந்தாலும் அவருக்குத் தெரியாது. முதல் பெட்டிக்காரர் கொடி காட்ட, அடுத்தவர் அதைப் பார்த்துக் காட்ட, அப்படியே கைமாறிக் கைமாறிச் செய்தி இன்ஜினுக்கு வந்து சேரும். வாக்கி டாக்கி யுகத்திலும் பச்சைக் கொடி, சிவப்புக் கொடி. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாகக் கையால் திருகும் பிரேக்கும் அவர்கள் பொறுப்பு. மழையோ பனியோ, நின்றுகொண்டேதான் பயணம். நாம் செல்ஃபி எடுக்கும் அழகான வளைவில் அவர் கண் தண்டவாளத்தை விட்டு நகராது.

குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை மாட்டுகிறார்கள். அங்கிருந்து ஊட்டி வரை பல் பட்டை இல்லை, டீசலே போதும். என் சிறு வயதில் ஊட்டி வரைக்கும் இதே கரி இன்ஜின் போகும். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று வரிசையாக வரும் அந்த ஸ்டேஷன்களும் அழகுதான். 'மூன்றாம் பிறை'யில் கமல் ஸ்ரீதேவியின் ரயில் பின்னால் ஓடும் கடைசிக் காட்சியை எடுத்தது கேத்தியில். ஷாருக்கான் 'உயிரே' படத்தில் ரயில் கூரைமேல் ஆடியதும் இந்தப் பாதையில்தான். நேரம் இருந்தால் ஊட்டி வரை போய்வாருங்கள். நாங்கள் போகவில்லை. அம்மாவுக்கு ஊர் என்றால் குன்னூர்தான். அத்தோடு முடிந்தது.

ஷெட் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வெளியே நின்று கேட்டோம். உள்ளே யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய வீட்டுப் பக்கம் போகலாமா என்று கேட்டேன். "வேண்டாம், இப்படியே உட்காரலாம்" என்றாள். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். எதிரே எங்கள் இன்ஜின் தனியாக முன்னும் பின்னும் போய் ஷண்டிங் பண்ணிக்கொண்டிருந்தது. மகன் போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தான். "இதுக்கு யார் பாட்டி நெருப்பு வைப்பாங்க?" என்று திடீரென்று கேட்டான். அம்மா ஆரம்பித்தாள். இட்லிப் பானை, குக்கர் வெயிட், ஒரு டிகாக்ஷன் ரெண்டு காபி. ஒரு வார்த்தை பிசகாமல் அப்பாவின் பாடம் முழுவதும் வந்தது. இத்தனை வருடமாக 'மூத்தவ'ளைத் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டு வைத்திருந்திருக்கிறாள்!

மதியத்துக்கு மேல் கீழிறங்கும் வண்டி. இப்போது இன்ஜின் முன்னால். இறங்கும்போது சத்தம் வேறு. நீராவியின் உழைப்பு இல்லை. சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி, இன்ஜினே தன்னைத் தடுத்துக்கொண்டு, பெட்டிகளின் பாரத்தையும் தாங்கிக்கொண்டு இறங்குகிறது. எங்கள் பெட்டியின் மேடையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் தலை நரைத்தவர். இன்னொரு பையனுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், புதுசு போலிருக்கிறது. அவன் பிரேக் சக்கரத்தை வேகமாகத் திருகினான். பெரியவர் அவன் கை மேல் தன் கையை வைத்து, பாதியில் நிறுத்தினார்.

"இறுக்காதேப்பா. கேளு முதல்ல."

இருவரும் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். அம்மாவும் ஜன்னல் ஓரமாகத் தலையைச் சாய்த்திருந்தாள்.

"இப்போ கால் சுத்து" என்றார் பெரியவர். பையன் திருகினான். வண்டி அடுத்த வளைவில் திரும்பியது.